காலுக்குக் காத்திருக்கும் வில்

அன்பு மருமகள் கயலுக்கு,

மாமா எழுதுவது. 

ஸ்பெயின் நாட்டு ஃபிளமெங்கோ ஆட்டக்காரி ஒருத்தி ஒரே ஒரு செல்லோவைத் துணையாக வைத்து மேடையில் ஆடியதைப் பார்த்தாய் என்றும், மதுரையில் உன்னோடு படிக்கும் சிநேகிதி செல்லோ வாசிப்பவள் என்பதால் கல்லூரி விழாவில் அதுபோல ஒன்று செய்ய ஆசை என்றும் எழுதியிருக்கிறாய். என்ன பாட்டு எடுக்கலாம், பாவாடை என்ன நிறத்தில் தைக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். இரண்டும் பிறகு. நீங்கள் இருவரும் முதலில் பேசித் தீர்க்க வேண்டியது வேறொன்று: மேடையில் யார் யாருக்காகக் காத்திருப்பது?

பரதத்தில் இந்தக் கேள்வி உனக்கு எழுந்திருக்காது. நட்டுவனார் ஜதி சொல்கிறார், தாளம் அவர் கையில் இருக்கிறது, நீ ஆடுகிறாய். அரங்கேற்றத்துக்கு முன்பே எல்லாம் எண்ணி முடிக்கப்பட்டிருக்கும். ஃபிளமெங்கோவில் அதிகாரம் ஆடுபவரின் காலுக்கு. பாட்டு, கிதார், ஆட்டம், கைத்தட்டல் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் அந்தக் கலை. இவற்றில் ஆடுபவர் காலால் ஓர் ‘அழைப்பு’ கொடுப்பார். யமாதா என்பார்கள். அது விழுந்ததும் பாடகர் அடுத்த அடிக்குப் போவார், கிதார்காரர் நடையை மாற்றுவார், கைதட்டுகிறவர்கள் ஏறவோ அடங்கவோ செய்வார்கள். ஆட்டக்காரி நின்றால் எல்லாரும் நிற்க வேண்டும். அவளது காலணியின் முனையிலும் குதிகாலிலும் ஆணிகள் அடித்திருப்பதே அந்த மேடையில் அவளும் ஒரு தாளக் கலைஞர் என்பதற்காகத்தான்.

பதிவு செய்த இசையைப் போட்டு ஆடுவதும் நேரடி இசைக்கு ஆடுவதும் வேறு வேறு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். ஒலிப்பெட்டி யாருக்கும் காத்திராது. செல்லோ வாசிப்பவள் காத்திருப்பாள், காத்திருக்கக் கற்றுக்கொண்டால்.

தாளத்திலிருந்து தொடங்குவோம். ஃபிளமெங்கோவில் தாளச் சுற்றுக்கு கொம்பாஸ் என்று பெயர். நாலு எண்ணிக்கைத் தாங்கோஸ் போன்ற எளிய வகைகள் உண்டு. ஆனால் அந்தக் கலையின் முதுகெலும்பு 12 எண்ணிக்கை. மெதுவாகப் போகும் சொலேயா, பாய்ந்து போகும் புலெரியா இரண்டுக்கும் அடித்தளம் இதுதான். புலெரியாவில் எண்ணுவதையே 12-இல் தொடங்குவார்கள்: 12, 1, 2, பிறகு 3, 4, 5, பிறகு 6, 7, பிறகு 8, 9, பிறகு 10, 11. அழுத்தம் 12, 3, 6, 8, 10 ஆகிய இடங்களில் விழும். உன் வாய்க்குப் பழகிய சொற்கட்டில் சொன்னால், தகிட தகிட தக தக தக. தொடையில் தட்டிப் பார். கால் மணி நேரத்தில் வந்துவிடும். சிகிரியா என்ற இன்னொரு வகையில் இதே 12-ஐ வேறு இடத்தில் வெட்டுவார்கள்: தக தக தகிட தகிட தக. துக்கத்தின் தாளம் அது. நடுவில் வரும் இரண்டு ‘தகிட’வும் நடை தளர்ந்த மனிதன் காலெடுத்து வைப்பது போலிருக்கும்.

‘ரூபகத்தில் இரண்டு ஆவர்த்தனம் போட்டால் 12 வந்துவிடுமே மாமா’ என்று நீ சொல்வாய். கணக்கு சரி. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. நம் தீர்மானம் எங்கே வந்து விழும்? சமத்தில். ஆவர்த்தனத்தின் தலையில். மூன்று முறை சொல்லி, மூன்றாவது முடிவில் அடுத்த சுற்றின் முதல் தட்டோடு கால் இறங்கினால்தான் உனக்கும் பார்ப்பவருக்கும் மூச்சு விட முடியும். அவர்கள் 10-இல் நிற்பார்கள். சொற்றொடர் 10-இல் முடிந்துவிடும். 11 வெறுமையாகப் போகும், 12-இல் அடுத்தது மூச்செடுக்கும். நீ பத்து வருடம் பழகிய உடம்பு 10-இல் நிற்க மறுக்கும். இன்னும் இரண்டு எண்ணிக்கை இழுத்துக்கொண்டுபோய்த்தான் விழும். இந்தக் கலப்பின் பெரிய வேலை இந்த இரண்டு எண்ணிக்கையைக் காலுக்குப் புரியவைப்பதுதான். புடவைக் கட்டும் பாவாடை விரிப்பும் ஒரு வாரத்தில் வந்துவிடும், இது வராது. அதனால் முதல் சில மாதங்கள் ஆட வேண்டாம். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து கைதட்டுங்கள். ஒருத்தி அழுத்தங்களைத் தட்டட்டும், மற்றவள் இடைவெளிகளைத் தட்டட்டும். கைத்தட்டலைச் சில்லறை வேலை என்று நினைக்காதே. அங்கே அதற்கென்றே தனிக் கலைஞர்கள் இருக்கிறார்கள், மேடையில் அவர்களுக்கு நாற்காலி உண்டு.

இனி செல்லோ. நாலு தந்தி. கீழ்த் தந்தி சுமார் 65 ஹெர்ட்ஸ், மேல் தந்தி 220. ஆண் குரல் முழுக்க வாத்தியத்தின் வீச்சுக்குள் அடங்கி, மேலே பெண் குரலுக்குள்ளும் ஏறிவிடும். கிதாருக்கு இருப்பது போல விரல்பலகையில் கம்பித் தடைகள் இல்லை. ஆகவே ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகலாம், இரண்டுக்கும் நடுவே நிற்கவும் செய்யலாம். ஃபிளமெங்கோப் பாடகர் செய்வதும் அதைத்தான். அடித்தொண்டையிலிருந்து ஒரு சுரத்தைக் கிளப்பி, அதை உடைத்து, கால் சுரம் அரைச் சுரமாக இறக்குவார். கிதாருக்கு இது வாராது. செல்லோவுக்கு வரும்.

ஆனால் கிதாருக்கு இருக்கும் ஒன்று செல்லோவிடம் இல்லை. கிதார் தந்தியைச் சுண்டியதும் ஓசை முள் போலக் குத்தும். உடனே தேயவும் தேயும். அந்தக் குத்தல்தான் காலுக்கு அடையாளம். வில்லால் இழுக்கும்போது ஓசை பிறக்கவே ஒரு கணம் பிடிக்கிறது. வேகமான புலெரியாவில் அந்த ஒரு கணம் தாமதமாகக் கேட்கும். அனுபவமில்லாத வாசிப்பாளர்கள் இதைச் சரிக்கட்ட எல்லாவற்றையும் பலமாக இழுப்பார்கள். கால் ஓசை அதில் மூழ்கிவிடும். உன் சிநேகிதியிடம் சொல்: வேகம் வந்தால் வில்லைக் கீழே வைத்துவிட்டு விரலால் சுண்டட்டும். அல்லது வில்லின் பிடிப்பகுதியில், தந்தியை விட்டுக் குதிக்கும்படி சின்னச் சின்ன அடிகளாகப் போடட்டும். வில்லின் மரக்கட்டையால் தந்தியைத் தட்டினால் உலர்ந்த ஒரு ‘டக்’ வரும், கைத்தட்டலோடு அது நன்றாகப் பொருந்தும்.

என்னைக் கேட்டால், செல்லோவைக் கிதாரின் நாற்காலியில் உட்கார வைப்பதே தப்பு. அதைப் பாடகரின் நாற்காலியில் உட்கார வை. தாளத்தை உன் காலும் ஒரு கைத்தட்டல்காரரும் பார்த்துக்கொள்ளட்டும். செல்லோ பாடட்டும். இந்தக் கலப்பில் நான் கேட்ட நல்ல வாசிப்பு எல்லாமே இப்படித்தான் இருந்தது. வலென்சியாவில் குடியேறிய பிரெஞ்சுக்காரர் மத்தியூ சாலியோ வாசிப்பதைத் தேடிக் கேள். செல்லோவை அவர் தொண்டையாகவே நடத்துகிறார்.

சுரத்தைப் பற்றி ஒரு நல்ல செய்தி உண்டு. ஃபிளமெங்கோவின் அடிப்படைச் சுர அடுக்கு நம் தோடிக்குரியதுதான்: சுத்த ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த தைவதம், கைசிகி நிஷாதம். காந்தாரத்தை மட்டும் அந்தரமாக உயர்த்தினால் வகுளாபரணம். அதையும் அவர்கள் நிறையப் புழங்குகிறார்கள், பல நேரம் ஒரே சொற்றொடரில் இரண்டு காந்தாரமும் வந்து போகும். இதைக் கேட்டு சிநேகிதியைத் தோடி வாசிக்கச் சொல்லிவிடாதே. அடுக்கு ஒன்றானாலும் அசைவு வேறு. தோடியின் காந்தாரம் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும், அவர்களுடையது ஒரே கோட்டில் விழ வேண்டும். விழும் இடம் ஷட்ஜம், அதற்கு அரைப்படி மேலே சுத்த ரிஷபத்தில் ஒரு கணம் தயங்கி விழும். அந்தத் தயக்கத்தில் உன் கை அசைவு ஒன்று பொருந்தினால் போதும், கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

இசையிலும் ஆட்டத்திலும் இப்படி ஒற்றுமை தெரிந்ததும் நம் ஊரில் சிலர் ‘ஃபிளமெங்கோ நம்முடையது, கதக்கிலிருந்து போனது’ என்று கிளம்பிவிடுவார்கள். விழா மேடையில் தொகுப்பாளர் யாராவது இதைச் சொல்லப் பார்ப்பார், விடாதே. வடமேற்கு இந்தியாவிலிருந்து சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ரோமா மக்கள் 1425-இல் ஸ்பெயின் மண்ணை அடைந்ததற்கு அரசு ஆவணம் இருக்கிறது. ஃபிளமெங்கோவை வளர்த்ததில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதுவரை சரி. ஆனால் அந்தக் கலை உருவானது ஹெரேஸ், காதிஸ், செவில்லி நகரத்து திரியானா ஆகிய ஆண்டலூசிய ஊர்களில். அரபு, யூத, நாட்டுப்புற ஸ்பானிய இசைகளோடு கலந்து, வறுமையிலும் விரட்டலிலும் பிறந்தது. உறவு கொண்டாடலாம், பட்டா கேட்கக் கூடாது.

செல்லோ பக்கம் திரும்பினால், ஆட்டம் அதற்குப் புதிதே இல்லை. பாக் 1720-ஐ ஒட்டி எழுதிய ஆறு செல்லோத் தொகுப்புகளில் தொடக்கப் பகுதியைத் தவிர மற்ற எல்லாப் பகுதிகளுமே நடனங்களின் பெயரைத் தாங்கியவை. அவற்றில் ஒன்று சரபாந்து. மூன்று எண்ணிக்கை, அழுத்தம் இரண்டாவதில், மெதுவாக, கோயில் மணி போலக் கனமாக வரும். ஆனால் அது பிறந்தபோது அப்படி இல்லை. ஸ்பெயினிலும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் ஆடப்பட்ட துடுக்கான ஆட்டம் அது. 1583-இல் ஸ்பெயினில் தடையே போட்டார்கள். நூற்றைம்பது ஆண்டுக்குள் ஜெர்மனிக்குப் போய் அடங்கி ஒடுங்கிச் செல்லோவில் உட்கார்ந்துவிட்டது. அந்தத் தொகுப்புகளை உலகத்துக்கு மீட்டுக் கொடுத்தவரும் ஸ்பெயின் நாட்டுக் கட்டலான்தான். பாப்லோ கசால்ஸ் 13 வயதுச் சிறுவனாக 1890-இல் பார்சிலோனாக் கடை ஒன்றில் அச்சுப் பிரதியைக் கண்டெடுத்தார். வருடக்கணக்காகத் தனியே பயின்ற பிறகுதான் மேடையில் வாசித்தார். 1936-க்கும் 1939-க்கும் இடையே ஆறையும் இசைத்தட்டாக்கினார். உன் சிநேகிதி ஏதாவது ஒரு சரபாந்து கட்டாயம் பழகியிருப்பாள். உங்களுக்குப் பொதுவான முதல் பாட்டு அதுவாக இருக்கலாம்.

ஃபிளமெங்கோ, நம் இசை, செல்லோ ஆகிய மூன்று உலகத்திலும் காலை வைத்த ஒருவரைச் சொல்கிறேன். அமெரிக்க நடன அமைப்பாளர் மார்க் மோரிஸ் சிறுவனாக ஃபிளமெங்கோ ஆட்டம் பார்த்து, அதை ஆடுகிறவனாக வேண்டும் என்று தொடங்கியவர். 1984-இல் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய தியாகராஜர் கீர்த்தனையின் பதிவை வைத்து ‘ஓ ரங்கசாயி’ என்ற தனிநடனம் செய்தார். 1990-களில் யோ-யோ மா வாசிக்க, பாக்கின் மூன்றாம் செல்லோத் தொகுப்புக்குத் தன் குழுவை ஆட வைத்தார். மூன்றிலும் அவர் வேடம் போட்டு நடிக்கவில்லை. எந்த இசையானாலும் அதன் கட்டமைப்பை உடம்பில் காட்டினார். 2014-இல் அக்ரம் கானும் இஸ்ரேல் கால்வானும் சேர்ந்து ஆடிய ‘டோரோபாகா’வையும் பார். ஒருவர் கதக், மற்றவர் ஃபிளமெங்கோ. ஒருவர் உடம்புக்குள் மற்றவர் புகுந்துவிடப் பார்க்கவில்லை. காலோடு கால் வாதாடினார்கள், அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் வெளிநாடு போக வேண்டியதில்லை, நம் வீட்டிலேயே இதைவிடப் பெரிய கலப்பு நடந்திருக்கிறது. நீ ஆடும் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசையைக் கட்டிக்கொடுத்தவர்கள் தஞ்சை நால்வர்: சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு. அதில் கடைக்குட்டி வடிவேலு 1810-இல் பிறந்தவர், முத்துசுவாமி தீட்சிதரின் சீடர், நட்டுவனார். அவரும் மேற்கத்திய வயலினைக் கையில் எடுத்து நம் இசைக்குள் நிலைநிறுத்தியவர்களில் ஒருவர். தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி வடிவேலுவுக்கு மூத்தவர், வயலினில் அவரும் முன்னோடி. 1834-இல் சுவாதித் திருநாள் மகாராஜா வடிவேலுவுக்கு யானைத் தந்தத்தில் செய்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார். வடிவேலுவுக்கு வயலின் கற்றுக்கொடுத்தவர் சுவார்ட்ஸ் பாதிரியார் என்று சில புத்தகங்களில் படிப்பாய். பாதிரியார் இறந்தது 1798-இல். கணக்குப் போட்டுக்கொள்.

இதில் உனக்கு வேண்டிய பாடம் என்ன? ஒரு நடன ஆசிரியர் வெள்ளைக்காரன் வாத்தியத்தைத் தொட்டபோது அதன் பாட்டுகளைக் கொண்டுவரவில்லை. நம்மவர்கள் உட்காரும் விதத்தை மாற்றினார்கள். தோளில் நிமிர்ந்திருந்த வயலின், தரையில் சப்பணமிட்டவரின் மார்புக்கும் காலுக்கும் நடுவே சாய்ந்தது. சுருதி கூட்டுவதை ஷட்ஜமும் பஞ்சமமுமாக மாற்றினார்கள். விரல் தாவுவதற்குப் பதில் வழுக்கத் தொடங்கியது. மாற்றியது இவ்வளவுதான், மரப்பெட்டி அப்படியே இருக்கிறது. இருநூறு ஆண்டாகியும் யாரும் அதைக் கலப்பு என்று சொல்வதில்லை. ஃபிளமெங்கோவிலும் இதே கதைதான். காஹோன் என்ற மரப்பெட்டித் தாளக்கருவி பெருநாட்டுடையது. 1970-களின் பிற்பாதியில் கிதார் மேதை பாகோ தே லூசியா அதை எடுத்து வந்தார். இன்று காஹோன் இல்லாத ஃபிளமெங்கோ மேடையைப் பார்ப்பது அரிது.

உன் ஊர் பொட்டிபுரத்துக்குப் பக்கத்தில், பண்ணைப்புரத்தில் பிறந்தவர் என்ன செய்தார் என்று உனக்கே தெரியும். இளையராஜா 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்?’ வெளியிட்டபோது அதைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்தே காணிக்கையாக்கினார். அதில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மன் பிறகு மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவைத் தொடங்கினார், செல்லோவில் வி.ஆர். சேகர். கர்நாடகக் கீர்த்தனையைச் செல்லோவில் கேட்க வேண்டுமானால் அங்கிருந்து தொடங்கு. நெதர்லாந்தில் பிறந்து தில்லியில் வாழும் சாஸ்கியா ராவ், தரையில் உட்கார்ந்து இந்துஸ்தானி வாசிப்பதற்கென்றே செல்லோவைச் சிறிதாக்கி, கூடுதல் தந்திகளும் கீழே அதிர்வுத் தந்திகளும் சேர்த்து வைத்திருக்கிறார். உன் சிநேகிதி அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாற்காலியிலேயே உட்காரட்டும்.

போடி வட்டாரத்தில் ராஜகம்பளத்து நாயக்கர் வீட்டு விசேஷங்களில் தேவராட்டம் பார்த்திருப்பாய் அல்லவா? அங்கே தேவதுந்துமியின் அடி மாறினால் ஆட்டம் மாறும். தோல் ஆணையிடுகிறது, கால் கேட்கிறது. ஃபிளமெங்கோ அதற்கு நேர் எதிர். இரண்டையும் ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து வைத்தால் பார்ப்பவருக்குப் பேச்சில்லாமலே விளங்கும். யோசித்துப் பார்.

இனி மேடை. கல்லூரி அரங்கின் தளம் சிமெண்டு என்றால் குதிகால் ஓசை எழவே எழாது, மூட்டும் கெடும். தச்சரிடம் சொல்லி, உள்ளே வெற்றிடம் இருக்கும்படி சட்டங்கள் மேல் ஒட்டுப்பலகை அறைந்து ஆறடிக்கு ஆறடி ஒரு மேடை செய்யச் சொல். செல்லோ அதன்மேல் இருக்கக் கூடாது. செல்லோவின் அடியில் இருக்கும் கூரிய ஊன்றுகோல் பலகையில் குத்தி நிற்கும், நீ மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அதன் வழியாக வாத்தியத்துக்குள் ஏறிவிடும். பக்கத்தில் தனித் தரையில், சற்று முன்னால், உன் காலும் இடுப்பும் அவள் கண்ணுக்கு நேராகப் படும்படி உட்கார வை. முகத்தைப் பார்த்து வாசிப்பவர் எப்போதும் பிந்துவார். அழைப்பு முகத்தில் தெரிவதற்கு முன் இடுப்பில் தெரிந்துவிடும். பலகையின் ‘தும்’ ஓசையும் செல்லோவின் கீழ்த் தந்தியும் ஒன்றையொன்று விழுங்கும். ஆகவே நீ பலமாக மிதிக்கும் இடங்களில் அவள் மேல் தந்திக்குப் போகட்டும், அல்லது சும்மா இருக்கட்டும். சும்மா இருப்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தானாக யாரும் சும்மா இருக்க மாட்டார்கள்.

செல்லோவைப் பொட்டிபுரத்துக்குக் கொண்டுவந்து ஒத்திகை பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறாய். வரட்டும். ஆனால் போடி வெயிலில் வண்டிக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், பசை விட்டுவிடும். போடிமெட்டுக்கு மேலே குளிர்ந்த ஈரக் காற்றுக்கு எடுத்துப் போனால் மரம் ஊதும், முறுக்காணி இறுகும், சுருதி மாறும். இறங்கி வந்ததும் அரை மணி நேரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.

காலணியா, சலங்கையா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. இதில் என் கருத்து கடுமையானது. பரதத்துக்குக் காலணி மாட்டாதே, ஃபிளமெங்கோவுக்குச் சலங்கை கட்டாதே. ஃபிளமெங்கோவைக் குருவிடம் கற்காமல் திரையைப் பார்த்துக் கையைச் சுழற்றினால் அது ஃபிளமெங்கோவாகாது. நீ பரதக்காரி. உன் தட்டடவும் நாட்டடவும் உனக்கு இருக்கின்றன. அவற்றை 12-இல் போடு, 10-இல் நிறுத்து, அழைப்பு உன் காலிலிருந்து போகட்டும், செல்லோ அதற்குப் பதில் சொல்லட்டும். அந்த ஒழுங்கைத்தான் நீ அவர்களிடமிருந்து வாங்குகிறாய். நோட்டீஸிலும் அப்படியே போடு: ‘ஃபிளமெங்கோத் தாளத்தில் பரதமும் செல்லோவும்.’ வெளியூர்க்காரர்களுக்குப் பொட்டிபுரம் என்றால் நியூட்ரினோ ஆய்வகச் சண்டைதான் ஞாபகம் வருகிறது. அது மாறட்டும், உன் பெயருக்குக் கீழே ஊர்ப் பெயரையும் சேர்த்து அடிக்கச் சொல்.

நிகழ்ச்சி எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். முதலில் தாளமில்லாமல் செல்லோ மட்டும், நம் ஆலாபனை போல. நீ நின்றபடி இரு. பிறகு சொலேயாவின் மெதுவான 12, கையும் பார்வையும் மட்டும். நடுவில் காலுக்கென்றே ஒரு பகுதி, செல்லோ முழுக்க நிற்கட்டும். அதன் முடிவில் உன் அழைப்பு, அங்கிருந்து புலெரியா வேகம், 10-இல் இருவரும் ஒன்றாக நிற்பது. ஒன்றாக நிற்க முடியவில்லை என்றால் வேகத்தைக் குறை, நிகழ்ச்சியையே தள்ளிப் போட்டாலும் பரவாயில்லை.

அடுத்த மாதத்துக்குள் நீங்கள் இருவரும் சேர்ந்து தட்டிய 12-ஐக் கைபேசியில் பதிவு செய்து எனக்கு அனுப்பு. ஐந்து நிமிடம், நடுவில் வெட்டாமல், வேகம் ஏறாமல். அதைக் கேட்ட பிறகுதான் எந்தப் பாட்டு என்று சொல்வேன்.

அன்புடன்,
மாமா